ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு

எட்டாம் மாதத்தில் மூச்சு வாங்காத பிள்ளைத்தாச்சி கிடையாது. குடத்தைத் தூக்கினாலும் இளைக்கும், நாலு எட்டு நடந்தாலும் இளைக்கும், சிலருக்குச் சும்மா சாய்ந்திருந்தாலும் இளைக்கும். வெல்லாவெளிப் பக்கத்து மூத்த பெண்கள், "புள்ளத்தாச்சிண்டா அப்பிடித்தான் மகள், பெத்தெழும்பினா எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியான பேச்சுத்தான். ஆனால் தடிமன் பிடித்து, இருமி, காய்ச்சல் காய்ந்து, நாலாம் நாள் மூச்சு முட்டுகிறவளுக்கும் அதே ஆறுதல் சொல்லப்படும்போது அது ஆபத்தாகிவிடுகிறது. இயல்பான இளைப்பையும் நுரையீரல் நோயின் இளைப்பையும் அவளால் எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் பிரித்தறியலாம். அதற்குத் தேவை ஒரு மணிக்கூடு மட்டும்.

கரு தங்கிய சில வாரங்களிலேயே புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் மூளையின் சுவாச மையத்தைத் தூண்டத் தொடங்குகிறது. வயிறு வெளியே தெரியும் முன்பே தாய் கூடுதலான காற்றை உள்ளிழுக்கிறாள். அதை எப்படி இழுக்கிறாள் என்பதில்தான் விடயம் இருக்கிறது. மூச்சின் எண்ணிக்கை அநேகமாக மாறுவதில்லை, ஆழம்தான் கூடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 40 வீதம் அதிகரிக்கிறது. நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்ற கணக்கு கல்யாணத்தன்று எப்படியோ ஒன்பதாம் மாதத்திலும் அப்படியே. ஆகவே இளைக்கிறது என்று சொல்லும் தாயை உட்காரவைத்து, நெஞ்சு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 16 வந்தால் மூத்தவர்களின் ஆறுதல் செல்லும். 20ஐத் தாண்டினால் வைத்தியர் பார்க்க வேண்டும். 30ஐத் தொட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் முடிந்துவிட்டது. எண்ணப்போவதாக அவளிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பது நல்லது. சொன்னால் எவருக்கும் மூச்சின் சீர் மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை எண்ணுவது தாதியரின் பழைய தந்திரம்.

ஆழ்ந்த மூச்சுக்கு இன்னொரு விளைவும் உண்டு. குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு வழக்கத்தைவிட அதிகமாக வெளியேறுகிறது. மற்றவர்களில் அதன் அமுக்கம் 40 மில்லிமீற்றர் இரசம் அளவில் இருக்கும். கர்ப்பிணியில் 30ஐ ஒட்டி இறங்கிவிடும். நிமோனியாவோடு வந்த கர்ப்பிணியின் குருதிப் பரிசோதனையில் 40 என்று அச்சடித்து வந்தால் அறிக்கை அதை இயல்பு என்றே காட்டும். அனுபவமுள்ள வைத்தியருக்கு அந்த எண் வயிற்றைக் கலக்கும். மூச்செடுத்து மூச்செடுத்து அவளுடைய தசைகள் களைத்துவிட்டன என்பதே அதன் பொருள்.

இனி நுரையீரலின் இருப்புக் கணக்கு. வளரும் கருப்பை பிரிமென்றகட்டை ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் மேலே தள்ளுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலுக்குள் தங்கிநிற்கும் காற்று இதனால் சுமார் 20 வீதம் குறைகிறது. அந்தத் தங்கும் காற்றே அடுத்த மூச்சு தடைப்பட்டாலும் உடலைச் சிறிது நேரம் தாங்குவது. ஒட்சிசன் தேவையோ 20 முதல் 30 வீதம் கூடிவிடுகிறது. வீட்டில் அடுக்கிய நெல்மூட்டைகள் குறைந்த வருடத்தில் உண்ணும் வாய்கள் கூடினால் எப்படியோ அப்படி. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்கமருந்து கொடுப்பவர்கள் இதை நேரிலேயே காண்கிறார்கள்: மூச்சு நின்ற கணத்திலிருந்து கர்ப்பிணியின் ஒட்சிசன் மற்றவர்களைவிட வேகமாகச் சரியும். அதே வயதுள்ள இன்னொரு பெண் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும் நிமோனியா, இவளைச் சில மணித்தியாலங்களில் விழுத்திவிடக்கூடும். விரலில் மாட்டிப் பார்க்கும் சிறு கருவியில் மற்றவர்களுக்கு 92, 93 என்பதைப் பொறுத்துக்கொள்ளும் வைத்தியர்களும் கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே இறங்க விடுவதில்லை.

குருதியின் நீர்ப்பகுதியும் கர்ப்பகாலத்தில் 40 முதல் 50 வீதம் வரை பெருகுகிறது. புரதம் ஐதாகிறது. ஐதான குருதியிலிருந்து நீர் எளிதாகக் கசியும். தொற்றினால் புண்பட்ட நுரையீரலில் அந்தக் கசிவு காற்றறைகளை நிரப்பிவிடும். காய்ச்சல்காரிக்குச் சேலைன் ஏற்றினால் தெம்பு வரும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. மூச்சு முட்டுகிற கர்ப்பிணிக்கு அளவில்லாமல் ஏற்றிய சேலைன் நேரே நெஞ்சுக்குள் போய் நிற்கும்.

கர்ப்பத்தில் எதிர்ப்புச்சக்தி குறைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. வயிற்றிலுள்ள பிள்ளையின் பரம்பரையலகுகளில் பாதி தகப்பனுடையவை. தாயின் உடலுக்கு அவை அந்நியம். அவற்றைத் தாக்காமலிருக்க நிர்ப்பீடனத்தின் ஒரு கை அடக்கப்படுகிறது. வைரசு புகுந்த கலங்களைத் தேடி அழிப்பதும் அந்தக் கையின் வேலைதான். மற்றக் கையான உடனடி அழற்சி அடங்கிக் கிடப்பதில்லை. சில வேளை வழமையைவிட முனைப்பாகவே எழுகிறது. ஆகவே வைரசு சற்றுக் கூடுதலாகத் தங்குகிறது, அதை விரட்ட எழும் அழற்சி நுரையீரலையே புண்ணாக்குகிறது.

இதெல்லாம் ஆய்வுகூடத்தில் துலங்குவதற்கு வெகுமுன்பே மயானங்கள் காட்டிவிட்டன. 1918ஆம் ஆண்டின் பெரும் இன்புளுவென்சா இலங்கையையும் உலுக்கியது; அந்த அலைக்கு இத்தீவு மூன்று இலட்சம் பேரளவில் பறிகொடுத்தது என்று பிற்கால மக்கட்தொகை ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது. அதே அலையில் அமெரிக்காவில் நோயுற்ற 1350 கர்ப்பிணிகளின் விவரத்தை ஜோன் ஹரிஸ் என்ற மருத்துவர் திரட்டி 1919இல் வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நிமோனியா கண்டது. நிமோனியா கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1957இல் ஆசியக் காய்ச்சல் வந்தபோது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அதனால் மாண்ட, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிப்பேர் கர்ப்பிணிகள். 2009இல் எச்1என்1 பரவியபோது அமெரிக்க மக்கட்தொகையில் நூற்றுக்கு ஒருவராக இருந்த கர்ப்பிணிகள், மரணங்களில் நூற்றுக்கு ஐவராக இருந்தார்கள்.

நமக்கு மிக அருகில் நடந்தது 2021. மகப்பேற்று மரணங்களைக் குறைத்ததில் தெற்காசியாவில் முன்னே நிற்கும் நாடு இலங்கை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, ஊர் ஊராகப் போகும் மருத்துவமாதர், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியே ஆராயும் வழக்கம், இவையெல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 90 முதல் 100 மரணம் என்ற அளவுக்கு அதை இறக்கி வைத்திருந்தன. 2021 மே மாதம் மூன்றாம் கொவிட் அலையில் முதல் கர்ப்பிணி இறந்தார். செப்டெம்பர் தொடக்கத்துக்குள் 40க்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் கொவிட்டினால் மட்டும் இறந்திருந்தார்கள். ஒரு வருடத்துக் கணக்கில் பாதியளவு நாலே மாதத்தில். கர்ப்பம் தரிப்பதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்று சுகாதார அதிகாரிகள் தம்பதியரைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. இலங்கையில் கர்ப்பிணிகளுக்குக் கொவிட் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியது அந்த ஜூனில். அதற்கு முன்பான மாதங்களில், பரிசோதிக்கப்படாத ஊசியைக் கர்ப்பிணிக்கு எப்படிப் போடுவது என்ற தயக்கம் உலகம் முழுவதும் இருந்தது. கர்ப்பிணிகளைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி மருந்தாய்வுகளிலிருந்து அவர்களை விலக்கிவைத்ததன் விலை அது. இந்த விலக்கலை நான் எச்சரிக்கை என்று ஏற்பதில்லை. வைரசு அவர்களை விலக்கவில்லை.

வைரசுகள் வேறு, காலங்கள் வேறு. ஆனாலும் எல்லாக் கணக்கிலும் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வருகிறது: எந்த நாளில் வைத்தியரிடம் போனார்கள் என்பது. 2009இல் அமெரிக்காவில் நோயுற்ற கர்ப்பிணிகளில், காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் வைரசு எதிர்ப்பு மருந்து கிடைத்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கே தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்பட்டது. நாலு நாள் கடந்து மருந்து தொடங்கியவர்களில் அது 57. மருந்து ஒன்றே, வருத்தமும் ஒன்றே.

இந்த இடத்தில் வெல்லாவெளியின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்கே சூரியன் படுகிற பக்கமான படுவான்கரையில், போரதீவுப்பற்றுப் பிரிவில் இருக்கிறது வெல்லாவெளி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இங்கே உண்டு, மண்டூரிலும் பழுகாமத்திலும் ஆஸ்பத்திரிகள் உண்டு. ஆனால் மகப்பேற்று நிபுணரைக் காண வாவியைத் தாண்டிக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். செயற்கைச் சுவாசமும் குறைமாதப் பிள்ளைக்கான தீவிர சிகிச்சையும் தேவைப்பட்டால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு. பட்டிருப்புப் பாலத்தால் போகலாம். மண்டூரில் நிற்பவர்கள் குருமண்வெளிக்குப் படகுப்பாதையேறிக் கடக்கலாம். பகலில் இதெல்லாம் பெரிய தூரமில்லை. மாரி மழையில் வயலும் வீதியும் ஒன்றாகிக் கிடக்கும்போதும், மேற்கே காட்டோரக் கிராமங்களில் இரவில் யானை வீதிக்கு இறங்கி நிற்கும்போதும் அதே தூரம் பல மடங்காகிவிடுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் இந்தப் பக்கத்துச் சனங்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஒண்டிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே கூரையின் கீழ் நூறு பேர் படுத்தெழும்பும் இடத்தில் இருமல் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று விளக்கத் தேவையில்லை. வடகீழ்ப் பருவமழைக் காலமும் இலங்கையில் இன்புளுவென்சா தலைதூக்கும் காலங்களில் ஒன்றும் ஒன்றுசேர்ந்தே வருகின்றன. ஆகவே கொழும்பில் இருக்கும் கர்ப்பிணி மூன்றாம் நாள் எடுக்கும் முடிவைப் படுவான்கரைக் கர்ப்பிணி முதல் நாளே எடுக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு 22 என்று எண்ணப்பட்ட மூச்சு, இரவு இரண்டு மணிக்கு 32 ஆகும்வரை காத்திருப்பது இங்கே பொருந்தாது. 1990க்கு எடுத்தால் சுவசெரிய வண்டி வரும். பொழுதுபட முன்பே எடுப்பது நல்லது.

தாமதத்துக்கு வீதி மட்டும் காரணமில்லை. மருந்துப் பயமும் உண்டு. பனடோல்கூடப் பிள்ளைக்குக் கூடாது என்று காய்ச்சலை அப்படியே காயவிடுபவர்கள் இருக்கிறார்கள். அளவோடு எடுக்கும் பரசிட்டமோலைவிடக் கட்டுப்படாத கடுங்காய்ச்சலே பிள்ளைக்குக் கேடு. முதல் மூன்று மாதத்தில் கடுங்காய்ச்சல் காய்ந்த தாய்மாரின் பிள்ளைகளில் முள்ளந்தண்டுக் குறைபாடுகள் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டுள்ளன. நெஞ்சு எக்ஸ்ரே என்றதும் எழுந்து போய்விடுபவர்களும் உண்டு. நெஞ்சைக் குறிவைத்து எடுக்கும் ஒரு படத்தால் கருப்பையை எட்டும் கதிர்வீச்சு மிக மிகச் சொற்பம். அந்தப் படத்தை எடுக்காமல் கடத்திய ஒரு நாளைத்தான் பயப்பட வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயல்நாட்டில் காய்ச்சலும் மூச்சுமுட்டலும் சேர்ந்து வந்தால் அது எப்போதும் தடிமன் வைரசாகவே இருக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மூச்சுத்திணறலோடு அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது ஏதோ புதிய நோய் என்று கலங்கினார்கள். கடைசியில் அது எலிக்காய்ச்சல். அந்தக் கிருமி நுரையீரலுக்குள் குருதிக்கசிவை உண்டாக்கும். மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் கிழக்கில் இருக்கிறது. மழைக்காலத்தில் நிமோனியா வேடத்தில் வரும். நீரிழிவுள்ளவர்களை விசேடமாகப் பிடிக்கும். கர்ப்பகால நீரிழிவு உள்ள தாய், சேற்றில் இறங்கி வேலை செய்தவளா என்பதை வைத்தியரிடம் சொல்லாமல் விடக்கூடாது. இவற்றுக்கு மருந்து வேறு.

பிள்ளையின் பக்கம் வருவோம். தாய்க்கு வந்த சுவாசத் தொற்றில் வைரசு நேரே பிள்ளைக்குள் போவது மிக அரிது. சூல்வித்தகம் உறுதியான வேலி. பிள்ளை பாதிக்கப்படுவது பெரும்பாலும் வேறு வழிகளில். கருவிலிருக்கும் பிள்ளை எப்போதும் மிகக் குறைந்த ஒட்சிசனிலேயே வாழ்கிறது. எவரெஸ்டு உச்சியில் நிற்பவனின் குருதியில் இருக்கும் அளவோடு ஒப்பிடத்தக்க அளவு. அதைச் சமாளிக்க அதனிடம் ஒட்சிசனை இறுகப் பற்றும் விசேட ஈமோகுளோபின் இருக்கிறது. ஆனால் தாயின் அளவு இறங்கினால் பற்றிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. தாயின் உடல் தன் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றக் கருப்பைக்குப் போகும் குருதியை முதலில் குறைத்துவிடும். பிள்ளையின் துடிப்பு குறைந்ததாகத் தாய் உணர்வது சில வேளை அவளுடைய நோயின் கடுமையைக் காட்டும் முதல் அடையாளம். கொவிட் இன்னும் ஒருபடி மேலே போனது: சிலரில் சூல்வித்தகத்தையே அழற்சியால் அழித்தது. கொவிட்டின் டெல்டா திரிபு பரவிய காலத்தில் தொற்றுற்ற தாய்மாரிடையே பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறக்கும் அபாயம் ஏறத்தாழ நாலு மடங்காக இருந்தது என்று அமெரிக்கக் கணக்கொன்று காட்டியது.

இன்னொரு வழி, நாள் முந்திய பிரசவம். கடுமையான அழற்சி பிரசவ வலியைத் தூண்டிவிடும். சில வேளை தாயைக் காப்பாற்ற வைத்தியர்களே பிள்ளையை எடுக்க வேண்டிவரும். அப்படி 32 வாரத்தில் வெளியே வரும் பிள்ளை இரண்டு குறைகளோடு வருகிறது. ஒன்று, காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்கச் செய்யும் வழுவழுப்பான பூச்சு அதன் நுரையீரலில் போதுமானதாக இல்லை; அது போதிய அளவுக்கு ஊறுவது 35 வாரமளவில். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹவி என்ற இருவர் 1972இல் வெளியிட்ட ஆய்வு இதற்கொரு வழியைக் கண்டது: பிள்ளை பிறக்கும் முன்பு தாய்க்கே ஸ்ரீரொயிட் ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது. இன்று இது உலகெங்கும் வழமை. மற்றக் குறையை ஊசியால் இவ்வளவு எளிதாக நிரப்ப முடியாது. அது பிறபொருளெதிரிகளின் குறை. தாய் தன் வாழ்நாளில் கண்ட நோய்களுக்கு எதிராகச் சேர்த்துவைத்த பிறபொருளெதிரிகளைச் சூல்வித்தகம் பிள்ளைக்குக் கடத்துகிறது. ஆறாம் மாதம்வரை சொட்டுச் சொட்டாக; கடைசிப் பத்து வாரத்தில் வாரி வாரி. நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் குருதியில் தாயிடம் இருப்பதைவிடவும் கூடுதலாக இருக்கும். 32 வாரத்தில் பிறந்தது அந்தச் சீதனத்தில் பாதியளவை வாங்காமலே வந்துவிடுகிறது.

நிறைமாதத்துப் பிள்ளைக்கும் முதல் சில மாதம் இலேசானதல்ல. அதன் மூச்சுக்குழாயின் விட்டம் 4 மில்லிமீற்றர் அளவு. உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீற்றர் வீங்கினால் விட்டம் பாதியாகும், காற்றுப் போகும் வெளி கால்வாசியாகும், காற்றுக்கான தடை 16 மடங்காகும். அதே வீக்கம் 8 மில்லிமீற்றர்க் குழாயில் தடையை மூன்று மடங்காக மட்டுமே ஆக்கும். நமக்குச் சாதாரண தடிமன் ஏன் அதற்கு உயிர்ப் போராட்டம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். பச்சைப்பிள்ளை பெரும்பாலும் மூக்காலேயே மூச்சுவிடும். மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாது. அதன் விலாவெலும்புகள் மென்மையானவை. மூச்சுக்குப் போராடும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி வெளியே எழாமல் உள்ளே குழிந்து போகும்.

பெரியவர்களுக்குச் சொன்ன எண் இங்கே செல்லாது. பிறந்த பிள்ளை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்செடுப்பது இயல்பு. இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையில் 60ஐத் தொட்டால் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போதும் 60க்குக் குறையாவிட்டால் ஆஸ்பத்திரி. பிள்ளையின் மூச்சு சீரற்றது, சில கணம் நின்று தொடரும். அதனால் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கும் சுருக்கு வழி இதற்கு உதவாது, முழு நிமிடமும் எண்ண வேண்டும். நெஞ்சு உள்ளே குழிவது, ஒவ்வொரு மூச்சிலும் முனகுவது, உதடு நீலிப்பது, பால் குடிக்க மறுப்பது, இவற்றில் எது இருந்தாலும் எண்ணவே தேவையில்லை. காய்ச்சல் மட்டுமல்ல, உடம்பு வழமைக்கு மாறாகக் குளிர்ந்து போவதும் இந்த வயதில் கடுமையான தொற்றின் அடையாளம். குறைமாதத்துப் பிள்ளை சில வேளை இருமாது, அழாது; மூச்சை மட்டும் நிறுத்திக்கொள்ளும்.

இந்த வயதில் நெஞ்சைப் பிடிக்கும் கிருமிகளில் முதலிடம் ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரசுக்கு. பெயர் நம் ஊரில் அதிகம் அடிபடாவிட்டாலும் இரண்டு வயதுக்குள் இதைக் காணாத பிள்ளை அரிது. 2019ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீடொன்றின்படி ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலான பிள்ளைகள் இதனால் இறந்தார்கள். அதில் 45,700 பேர் ஆறு மாதத்துக்குட்பட்டவர்கள். இம்மரணங்கள் ஏறக்குறைய எல்லாமே வறிய, நடுத்தர வருமான நாடுகளில். இதற்கு நுண்ணுயிர்கொல்லி வேலை செய்யாது. ஒட்சிசன், பால் அல்லது நீர், கவனிப்பு, இவைதாம் சிகிச்சை.

வீட்டுக்குள் செய்யக்கூடியதில் முதலாவது அடுப்புப் புகை. விறகடுப்பு எரியும் குசினியில் பிள்ளையை ஏணையில் போட்டுவிட்டுச் சமைப்பது இன்றும் நடக்கிறது. குளிக்கவார்த்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் நடக்கிறது. மணமாக இருந்தாலும் புகை புகைதான். 4 மில்லிமீற்றர்க் குழாய்க்கு அது வேண்டாம். ஆனால் துடக்கு என்று முப்பத்தொன்று கழியும்வரை ஊர்ச்சனத்தைப் பிள்ளைக்குக் கிட்ட விடாமல் வைத்த வழக்கத்தில் தொற்று மருத்துவம் குறை காண ஒன்றுமில்லை. தீட்டு என்ற காரணத்தை விட்டுவிட்டுக் காவலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையைக் கொஞ்ச வரும் பள்ளிக்கூடத்து அண்ணன் அக்காமாரே வைரசை வீட்டுக்குள் கொண்டுவருபவர்கள். தாய்க்கே தடிமன் என்றால் பாலை நிறுத்தக் கூடாது. மாஸ்க் கட்டிக்கொண்டு, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொண்டு கொடுக்கலாம். கொவிட் தொடக்கத்தில் பல நாடுகளில் தாயையும் பிள்ளையையும் பிரித்து வைத்தார்கள். அதனால் நன்மையைவிடக் கேடே கூட என்று உலக சுகாதார நிறுவனம் விரைவிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

தாயின் பிறபொருளெதிரி பிள்ளைக்குப் போகும் வழியைத் திட்டமிட்டே பயன்படுத்தலாம் என்பது புதிய யோசனையல்ல. கிளினிக்குக்குப் போன ஒவ்வொரு தாயும் அதை அனுபவித்திருக்கிறாள். கர்ப்பத்தில் போடும் ஏற்பு ஊசி அவளைவிட அவளுடைய பிள்ளைக்காகவே போடப்படுகிறது. தொப்புள்கொடி வழியே வரும் ஏற்புவலி இலங்கையில் ஏறத்தாழ ஒழிந்துபோனதற்கு அந்த ஊசியும் சுத்தமான பிரசவமும் காரணம். நுரையீரல் தொற்றுக்கும் இது பலிக்குமா என்பதை டாக்காவில் 340 தாய்மாரை வைத்துப் பார்த்தார்கள்; முடிவு 2008இல் வெளியானது. கடைசி மூன்று மாதத்தில் இன்புளுவென்சா ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் அந்தக் காய்ச்சல் 63 வீதம் குறைவாக வந்தது. ஆறு மாதம் ஆகும்வரை பிள்ளைக்கு நேரடியாக இன்புளுவென்சா ஊசி போட முடியாது; ஆகவே இது ஒன்றே வழி. குக்கலுக்கு எதிராகவும் பல நாடுகள் தாய்க்கே ஊசி போடுகின்றன.

ஆர்.எஸ்.வி. தடுப்பூசிதான் வெகுகாலம் கிடைக்காமல் இருந்தது. 2023இல் வெளியான பெரும் ஆய்வொன்றில், கர்ப்பிணிகளுக்குப் போட்ட பைசர் நிறுவனத்தின் ஊசி, பிறந்து மூன்று மாதத்துக்குள் வரும் கடும் நோயை 82 வீதம்வரை தடுத்தது. ஆறு மாதக் கணக்கில் 69 வீதம். அந்த வருடமே அமெரிக்கா அதை அனுமதித்தது. இதிலும் ஒரு நெருடல் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையில்லை. வேறொரு நிறுவனத்தின் இதே வகை ஊசியைத் தாய்மாரில் சோதித்தபோது குறைமாதப் பிறப்பு சற்றுக் கூடியதால் 2022இல் அந்த ஆய்வை நிறுத்தினார்கள். பைசரின் ஆய்வில் அப்படித் திட்டவட்டமாக ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் முன்னெச்சரிக்கையாக அமெரிக்கா 32 முதல் 36 வாரம்வரை மட்டும் போடச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்துக்குப் பிறகு போடலாம் என்கிறது. 2025இல் அந்நிறுவனம் இந்த ஊசிக்கு முன்தகுதி கொடுத்தது. வறிய நாடுகள் சர்வதேச உதவியோடு இதை வாங்க அதுவே முதற்படி.

இலங்கையில் இந்த ஊசியைத் தேசியத் திட்டத்தில் சேர்ப்பது விலையையும் இங்கே அந்த வைரசின் சுமை எவ்வளவு என்ற கணக்கையும் பொறுத்தது. ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிக்குப் புதிதாக ஒன்றும் செலவழிக்கத் தேவையில்லை. அது போட வேண்டிய 28 முதல் 36 வாரம்வரை, மருத்துவமாது குறித்துக் கொடுத்த திகதிகளில் படுவான்கரைத் தாய்மார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எப்படியும் கிளினிக்குக்கு வந்துபோகிறார்கள்.